குரல் தாழ்த்தத் தெரியாதவர்

கஃப்ஸா
அக்டோபர் 14

என் கண்ணு எம்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் நலம். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது என்பதால் ஹெதியின் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் நான்கு டேப்லெட்களையும் அம்மாவின் கம்பளிச் சால்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஹரிஸ்ஸா மிளகாய் விழுது பாட்டில் தனிப்பையில் இருக்கிறது. இரண்டும் கலந்தால் தூனிஸ் பிள்ளைகளுக்குப் பாடம் உறைக்கும்.

உன் நிறுவனத்திலிருந்து மேற்பார்வைக்கு வரவேண்டிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள், நீங்களே உட்காருங்கள் என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாவதில் கோட்டைவிட்டவனுக்குப் பரீட்சை மேற்பார்வையாளர் உத்தியோகம்! என்னைக் கோட்டைவிட வைத்த கணக்கு வாத்தியார் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது. தெருப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பெரிய அறையில் உட்கார்ந்தார்கள். டேப்லெட் பெட்டி கதை சொன்னது, கேள்வி கேட்டது, அவர்கள் வாய்விட்டுப் பதில் சொன்னார்கள். "பிள்ளை தப்பாகச் சொன்னால் சொல்லட்டும், பேசாமல் இருந்தால் இருக்கட்டும், நீங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருங்கள்" என்றாய். குடித்தேன். குடித்துக் குடித்து வயிறு வீங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு மப்ரூகாவின் மகள் தக்வாகூட நன்றாகச் சொன்னாள். சடை நுனியை முறுக்கிக்கொண்டே வெகுநேரம் யோசிப்பாளே, அவள்தான்.

வேன் நிலையத்தில் ஹெதி கேட்டான்: "உன் மக என்ன டாக்டர்ப்பா?"

"மனசைப் பத்திப் படிச்சவ."

"பைத்தியத்துக்கு வைத்தியமா?"

"இல்லடா. பிள்ளைங்க மண்டையில பாடம் எப்படி ஏறுதுன்னு பார்க்கிற படிப்பு."

"அப்ப உன் மண்டையை ஏன் இன்னும் பார்க்கல?"

நிலையமே சிரித்தது. நானும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா
லஸ்ஹர்

*

தூனிஸ்
அக்டோபர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

டேப்லெட்கள் பத்திரமாக வந்தன. ஹரிஸ்ஸா பாதி காலி. அலுவலகத்தில் பங்கு கேட்டு வரிசை கட்டுகிறார்கள்.

கஃப்ஸா பிள்ளைகளின் பதில்களைப் பார்த்து இயக்குநர் அம்மா அசந்துபோனார். தலைநகருக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்று சொல்பவர்களின் முகத்தில் இதை விட்டெறிய வேண்டும் என்றார். கேட்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அடுத்த மாதம் பாடத்தை வடிவமைக்கும் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கப் போகிறார்கள். படிப்பை முடித்த நாளிலிருந்து நான் கேட்ட வேலை இது.

இனி நம் பிள்ளைகளின் பதில்கள்தான் அளவுகோல். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், இவ்வளவு வேகத்தில் சொல்ல வேண்டும் என்று அதை வைத்துத்தான் எங்கள் பாடச் செயலி முடிவுசெய்யும். புத்தாண்டுக்குப் பிறகு நம் தெருப் பள்ளிக்கூடம் உட்படச் சில பள்ளிகளுக்குக் கொடுக்கிறோம். அங்கே சரியாக ஓடினால் வசந்தத்தில் நாடு முழுவதும்.

ஒன்று கேட்க வேண்டும், அப்பா. பிள்ளைகள் பதில் சொல்லும்போது பக்கத்தில் யாராவது பேசினார்களா? யாராவது உதவினார்களா? அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.

எம்னா

*

கஃப்ஸா
நவம்பர் 9

தலைவி அம்மாவுக்கு,

நம் நிலையத்தில் "தூனிஸ்! தூனிஸ்! இன்னும் ஒரு இடம்!" என்று கத்துகிற என் தொண்டை நேற்று "என் மக தலைவி!" என்று கத்தியது. தலைவி என்பது எந்த ஊர் என்று கேட்டு ஒரு கிழவர் மூட்டையோடு ஏற வந்துவிட்டார். உன் அம்மா மக்ரூத் இனிப்பு பொரித்தாள். வேன் ஓட்டிகள் எல்லோருக்கும் கொடுத்தேன். ஹெதி மட்டும் மறுபடியும் மறுபடியும் வாழ்த்தினான். வாழ்த்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டான்.

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். யார் இருப்பார்கள்? நானும் தேநீர்க் கோப்பையும்தான். கோப்பை பேசவில்லை.

உன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளும்
அப்பா

*

கஃப்ஸா
பிப்ரவரி 2

அன்பு மகளே,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஹெதி வண்டியைக் கிளப்பாமல் ஹாரன் அடிக்கிறான், அடிக்கட்டும்.

நேற்று மப்ரூகா வந்தாள். உன் செயலியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்களாம். தக்வாவுக்குப் புரிந்துகொள்ளும் திறன் வயதுக்குக் குறைவு, தனி வகுப்புக்கு மாற்ற வேண்டும் என்று அது சொல்லிவிட்டதாம்.

"லஸ்ஹர் அண்ணே, உங்க வீட்டுல உட்கார்ந்து டாண் டாண்ணு சொன்னவதானே? மூணு மாசத்துல எப்படி மக்காப் போனா? நான் போன இடமெல்லாம் உங்க மக பெருமையைப் பேசுறவ. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் தொண்டைக்கு அது முதல் தடவை.

அவளை வழியனுப்ப வாசலுக்குப் போனேன். அங்கே தக்வா நின்றுகொண்டிருந்தாள். அம்மா முன்னால் நடந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, நான் யார்கிட்டயும் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் தேற்றுகிறாள், எம்னா. எட்டு வயதுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு தனி வகுப்புக்குப் போகிறது.

உனக்குப் புரிந்திருக்கும். ஒரு பிள்ளை பதில் தெரியாமல் முகம் சிவந்து என்னைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? நம் வீட்டு விருந்தாளி அல்லவா? நம் கூரையின் கீழ் உட்கார்ந்து தலைகுனிய விடலாமா? அதோடு, மதிப்பெண் குறைந்தால் உன்னைத்தான் திட்டுவார்கள் என்று நினைத்தேன். லேசாக, கோப்பைக்குப் பின்னால் வாயை வைத்து, எடுத்துக் கொடுத்தேன். தக்வாவுக்கு மட்டும் இல்லை.

அவளுடையதை மட்டும் நீ திருத்திவிட முடியுமா? ஒரு பெயர்தானே. யாருக்கும் தெரிய வேண்டாம்.

அப்பா

*

தூனிஸ்
பிப்ரவரி 8

அப்பா,

ஒரு பெயரை மட்டும் திருத்த முடியாது. அளவுகோலே தவறு. காதில் விழுந்த பதிலைத் திருப்பிச் சொல்லும் வேகம்தான் ஒரு பிள்ளை யோசிக்கும் வேகம் என்று செயலிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். இனி நிதானமாக யோசிக்கிற எந்தப் பிள்ளையையும் அது மந்தம் என்றுதான் சொல்லும். இப்போது அளவுகோலைத் தயாரித்தவள் பற்றிச் சொல்கிறேன்.

அந்த டேப்லெட்கள் குரலைப் பதிவுசெய்கின்றன, அப்பா. பிள்ளைகளுடைய குரலை மட்டும் அல்ல. அந்தப் பதிவுகளை அக்டோபரிலேயே கேட்டுவிட்டேன். நீங்கள் ரகசியம் சொன்னால் கைருவான் வரை கேட்கும். "பெரிய அண்ணன்! பெரிய அண்ணன்!" என்று பதிலை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பின்னாலிருந்து அம்மா, "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன், அது பரீட்சை!" என்கிறார். கோப்பைச் சத்தம்கூட இருக்கிறது.

உங்களிடம் அந்தக் கேள்வியை எழுதியபோதே எனக்குப் பதில் தெரியும். நீங்கள் ஒப்புக்கொண்டால் இயக்குநரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொந்த அப்பாவை மேற்பார்வைக்கு உட்கார வைத்தேன் என்பதையும் சேர்த்துத்தான். "கோப்பை பேசவில்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. மூச்சு வந்தது. உங்கள் பொய் எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த வாரம் புது நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளின் மனதைப் படித்தவள் என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். இனிச் சொல்லாதீர்கள்.

நேற்று தக்வாவின் பதிவை மறுபடியும் கேட்டேன். ஒட்டகக் குட்டி கிணற்றுத் தண்ணீரை ஏன் குடிக்கவில்லை என்பது கேள்வி. அமைதி. பிறகு தக்வா, "தண்ணி..." என்று ஆரம்பிக்கிறாள். அப்போது உங்கள் குரல்: "உப்பு! உப்பு!" அவள் நிறுத்துகிறாள். பிறகு உங்களைப் போலவே "உப்பு" என்கிறாள்.

அவளுக்குத் தெரியும், அப்பா. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். நாடு முழுவதும் கொடுக்க அன்றுதான் கையெழுத்து. பதிவைப் போட்டுக் காட்டினால் என் வேலை போகும், நம் தெருவிலும் நிலையத்திலும் உங்கள் பெயர் போகும். காட்டாவிட்டால் எத்தனை தக்வாக்களோ. காட்ட வேண்டும் என்று தெரிகிறது. கைதான் வரமாட்டேன் என்கிறது.

எம்னா

*

கஃப்ஸா
பிப்ரவரி 11

எம்னா,

போட்டுக் காட்டு.

என் பெயரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அதை நானே கெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் நேரே மப்ரூகா வீட்டுக்குப் போனேன். திண்பண்டம் எதுவும் எடுத்துப் போகவில்லை. உன் அம்மா எடுத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மப்ரூகா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தேறியிருப்பேன், அது என் தொழில். அவள் சமையலறைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எம்புள்ளைக்குத் தெரியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அந்தப் பெட்டி பின்னாடிதான் சொல்லிச்சு. மொதல்ல சொன்னது நீங்க."

இரக்கப்பட்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

மறுநாள் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியையிடமும் சொன்னேன். தனி வகுப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உங்கள் நிறுவனத்திலிருந்து கடிதம் வர வேண்டுமாம். அதை நீதான் அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது மப்ரூகா தெருவின் அந்தப் பக்கமாக நடந்தாள். நிலையத்துக்கு விஷயம் எனக்கு முன்னால் போயிருந்தது. ஹெதி ஒரு கேலியும் செய்யவில்லை. அவன் கேலி செய்யாமல் இருந்ததைப் போல என்னை எதுவும் சுடவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் பொய் சொன்னேன், நீ அதைப் பிடித்துக்கொண்டாய். உன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நான், இறங்கு என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். செவ்வாய்க்கிழமை என் குரலைச் சத்தமாகப் போடு. அது என் அப்பா என்று சொல். நாற்காலி போனால் ஹெதியின் வேனில் இடம் இருக்கும். உன் ஊர்ப் பெயரை அங்கே யாரும் கத்த வேண்டியதில்லை, உனக்கு வழி தெரியும்.

இன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தக்வா ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். கூப்பிட்டேன். நின்றாள்.

"என் மேல கோபமா, கண்ணு?"

சடை நுனியை எடுத்து முறுக்க ஆரம்பித்தாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எம்னா. "இல்லை மாமா" என்று அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டுச் சிரித்துவிடலாம் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரொட்டிக் கடைக்காரன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. அவள் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பொறுத்திருந்தேன்.

பிறகு சடையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரியான பதில்.

உன் அப்பா
லஸ்ஹர்