நடக்காத நான்காவது சொற்பொழிவு

அன்புள்ள நண்பருக்கு,

வெள்ளையடிப்பதற்காகச் சங்கத்து அலமாரியை ஒழித்தபோது சுவரில் படம் காட்டும் உங்கள் படவிளக்கு அகப்பட்டது. சேவகர் அதை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க சிநேகிதர் சாமானுங்க, வக்கீலய்யா. அவரு போனப்புறம் யாரும் தொடலீங்க" என்றார். மூடியைத் திறந்தேன். பத்து ஆண்டுகள் கழிந்தும் சூடேறிய தகரமும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை உள்ளேயே இருந்தது. துக்கம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை. மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் புதுச்சேரியில் பிறந்து, சட்டம் படிக்க பாரிஸ் போய், சட்டத்தைப் பாதியில் விட்டு, நாடக அரங்குகளின் மிக மலிவான மேல்மாடத்திலிருந்து பாலே நடனம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். திண்டிவனத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பித்தீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, இந்த விளக்கை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் விழுப்புரம் வந்து எங்கள் சங்கத்தில் பேசுவதென்று ஏற்பாடு. மொத்தம் நான்கு சொற்பொழிவுகள். அரண்மனை நடனம் எப்படி மேடை நடனமாயிற்று என்பது பொருள். நான் காரியதரிசி, அழைப்பிதழ் எழுதியவன்.

முதல் மாதம், சூரியனாக வேடமிட்டு ஆடிய பிரெஞ்சு அரசரைச் சுவரில் காட்டினீர்கள். பிறகு, வேட்டியைச் சற்றே உயர்த்திக்கொண்டு, குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை இருபுறமும் திருப்பி, "இதுதான் முதல் நிலை" என்று உங்கள் தொப்பையோடு நின்றீர்கள். சபை சிரித்தது. கூட்டம் கலைந்ததும், கடைசி வரிசைக்கும் பின்னால் கதவோரம் நின்றிருந்த பெண்மணி உங்களிடம் வந்தார். திண்டிவனத்தில் கோயிலிலும் ஜமீன் மாளிகைகளிலும் தலைமுறையாகச் சதிர் ஆடிய குடும்பத்தவர். உங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

"காலைத் திருப்பி வெக்கிறது நம்ப அரைமண்டிதான், வாத்தியாரே. ஆனா நீங்க முட்டியை மடக்கவே இல்லியே. மல்லாட்டை மூட்டை தூக்கப் போறவன் கணக்கா நிக்கிறீங்க."

நீங்கள் அங்கேயே அவரிடம் முட்டியை மடக்கக் கற்றுக்கொண்டீர்கள்.

இரண்டாம் மாதம், அரசர் ஆடுவதை நிறுத்தியதையும், ஆட்டம் கூலி பெறும் கலைஞர்களிடம் போனதையும் சொன்னீர்கள். மாளிகைத் தரையில் ஆடியது உயர்ந்த மேடைக்கு ஏறியது. வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்துக்குள் இறங்கினார்கள். பெண்கள் பாவாடையைக் குறைத்துக் கால்விரல் நுனியில் எழுந்தார்கள். மூன்றாம் மாதம், காலணியைக் கழற்றி எறிந்து வெறுங்காலோடு ஆட வந்த புதிய காலத்துப் பெண்ணின் படம். எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற டிப்டி கலெக்டர், லென்ஸ் மங்கலாக இருப்பதாகச் சொல்லி அந்தப் படத்தை இரண்டு தடவை மறுபடி போடச் சொன்னார். "லென்ஸ் சரியாத்தான் இருக்குது சார். உங்க கண்ணாடியைத் தொடைச்சிக்கினு பாருங்க" என்றீர்கள். அவரும் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

நான்காவதற்காக விளக்கைச் சங்கத்திலேயே விட்டுச் சென்றீர்கள். ரயிலடிக்கு நடக்கும்போது சொன்னீர்கள்: "மூணு மாசமா செத்துப்போன பிரெஞ்சுக்காரங்களைக் காட்டிட்டேன், வக்கீல் சார். அடுத்த மாசம் உசுரோட ஒருத்தியைக் காட்டணும்." அரைமணி உங்கள் பேச்சு, அரைமணி அந்தப் பெண்மணியின் ஆட்டம். கோயிலில் ஆட்டம் நின்றுவிட்டது. ஜமீன் வீடுகளில் அழைப்பதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்த சபை ஒன்று தன்னைப் பார்க்குமானால் தொடர்ந்து ஆடுவது, இல்லையானால் விட்டுவிடுவது என்று அவர் உங்களிடம் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சதிரில் பாடுபவரும் தாளம் போடுபவரும் மத்தளக்காரரும் ஆடுபவளுக்குப் பின்னால் நின்றபடியே இருப்பார்கள். அவள் முன்னே வந்தால் கூடவே வருவார்கள், பின்வாங்கினால் பின்வாங்குவார்கள். கமிட்டிக்கு அது பழைய ஜமீன் கூத்தாகத் தோன்றும் என்று நீங்கள் பயந்தீர்கள். பாரிஸின் பள்ளத்தை நினைத்துக்கொண்டு ஒரு யோசனை செய்தீர்கள்: அவர்களை மேடையின் ஒரு பக்கமாக உட்கார வைத்துவிட்டால் ஆடுபவள் தனியாகத் தெரிவாள், புதிதாகவும் இருக்கும். யோசனையைக் கமிட்டிக்கு எழுத்தில் தெரிவித்தேன். ஒத்திகை பார்க்க உங்களோடு திண்டிவனம் வந்தேன்.

அந்தப் பெண்மணி ஆடத் தொடங்கி, சிறிது நேரத்தில் நின்றுவிட்டார். திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்தார்.

"முதுவுக்குப் பின்னாடி தாளம் நின்னாத்தான் காலு போவும், வாத்தியாரே. ஓரமா குந்திக்கினு இருந்தா யாரோ எதிர்வூட்டுல பாட்றாப்பல இருக்குது."

"ஒரு தடவைக்குத்தான், அம்மா."

"ஒரு தடவைன்னு நீங்க சொல்றீங்க. என் காலு கேக்கணுமில்ல."

ஆனாலும் மூன்று வாரம் பழகினார். குழந்தையிலிருந்து முதுகில் கேட்ட தாளத்தைப் பக்கவாட்டில் கேட்கக் கால்களுக்குக் கற்பித்தார். நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக.

கமிட்டி கூடியது. தலைவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்: "பிரெஞ்சுக்காரி ஆடினா அது ஹிஸ்டரி. திண்டிவனத்துக்காரி ஆடினா அது வேற. லேடீஸ் வர்ற எடம் சார் இது." வெறுங்காலைப் பார்க்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்ட அதே மனிதர். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. உங்கள் மனம் புண்படாதவாறு ஒரு காரணம் வேண்டும் என்றார்கள். காரணம் தயாரிப்பது என் தொழில். 'சங்க மேடையின் அளவு இந்நிகழ்ச்சிக்குப் போதுமானதன்று எனக் கமிட்டி வருந்துகிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நல்ல வாக்கியம். பிழை ஒன்றுமில்லை.

அந்த வாரமே வந்தீர்கள். சங்கத்தில் என் அறையில் உட்கார்ந்து, கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: "மேடை பத்தாதுன்னு எழுதியிருக்கீங்க. இந்தக் காயிதம் வர்றதுக்கு முந்தின நாளே அவ இங்க வந்திருக்கா. வாட்ச்மேனைக் கேட்டு ஏறி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரிக்கும் ஆடிப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொன்னா. மேடை பத்துதாம்."

நான் கடிதத்தை எடுத்து மடித்தேன்.

"அவகிட்ட என்னான்னு சொல்லட்டும், வக்கீல் சார்?"

தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டீர்கள்.

அதன் பிறகும் நாம் நண்பர்களாகவே இருந்தோம். நீங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு முறை, வேறெதையோ சொல்லும்போது, அவர் ஆடுவதை விட்டுவிட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் தங்கை வீட்டுக் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார் என்றீர்கள். யுத்தகாலத்தில் டைபாய்டு உங்களைக் கொண்டுபோயிற்று. திண்டிவனத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

போன மாதம் சங்கத்தில் ஒரு நாட்டியக் கச்சேரி. ஆடியது தலைவரின் உறவுப்பெண், சென்னையில் கற்றவள். நன்றாகத்தான் ஆடினாள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. பாடுபவரும் தாளக்காரரும் மேடையின் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். லேடீஸ் முன்வரிசையில் இருந்தார்கள். தலைவர் எழுந்து, நடனத்தைச் சாக்கடையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டதாகப் பேசினார். பக்கவாத்தியத்தை ஓரமாக அமர்த்துவது இந்தச் சங்கத்துக் கமிட்டி முன்பே யோசித்து வைத்த முறை என்றும் சேர்த்துக்கொண்டார். உங்கள் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். அதற்காகக் கால்களை மாற்றிக்கொண்டவரை வேண்டாம் என்றார்கள். நன்றியுரை என்னைச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னேன். வெளிச்சம் போட்டவருக்கும் சொன்னேன்.

மறுநாள் நடவடிக்கைக் குறிப்பு எழுதும்போது, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'நடன நிகழ்ச்சிக்குச் சங்க மேடை போதுமானதாக இருந்தது, முன்பும் போதுமானதாகவே இருந்தது.' தலைவர் படித்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்றார். ரெக்கார்டுக்கு என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண்மணி அதைப் படிக்கப் போவதில்லை. நீங்களும் படிக்கப் போவதில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலுமல்ல. அவரிடம் என்னவென்று சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸில் ஏறுகிறேன். அங்கே போய் நிற்கும்வரை தெரியாது.

இப்படிக்கு,
மேடை பற்றாது என்று எழுதியவன்