உள்ளங்கைச் சீனி

11.7.2003, வெள்ளி

மதியம் ஆசிரியர் அறையில், தன்னைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றை ஆளுக்கொருவர் சொல்ல வேண்டும் என்றார்கள். ஆறு வயது வரை இலங்கையில் இருந்தேன் என்றேன். மலை, பனிமூட்டம், ரயில் எல்லாம் சொன்னேன். அப்பாவுக்குக் கொழும்பில் கம்பெனி வேலை என்றும் வாய் சொல்லிவிட்டது.

"சொல்லவே இல்லையே, பெரிய ஆளுதான் நீங்க" என்றார் கணக்கு டீச்சர்.

எல்லாரும் போன பிறகு, அறையைக் கூட்ட வந்த முத்தம்மாக்கா கேட்டார்: "எந்தத் தோட்டம் டீச்சர்? நாங்க பதுளைப் பக்கம்."

"தோட்டமில்லக்கா, கொழும்பு."

"நேத்து ஒத்தையில உக்காந்து, உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டே வெறுந்தேத்தண்ணி குடிச்சீகளா, அதான் கேட்டேன். எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல அப்படித்தான் குடிப்பாக."

அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த தோட்டத்தின் பேர் நாக்கு நுனி வரை வந்தது. நோட்டுத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மூன்றரைக்கு எல்லாருக்கும் பால் டீ வந்தது. எனக்கு மட்டும் வெறும் டீ. நோட்டுக் கட்டுக்குப் பின்னால், யாரும் பார்க்காதபடி, தாளில் மடித்த சீனியை முத்தம்மாக்கா வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் கணக்கு டீச்சர் இருந்தார். சீனியை டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடித்தேன்.

டம்ளரை எடுக்க வந்த முத்தம்மாக்கா, அடியில் கரையாமல் கிடந்த சீனியையும் கசங்கிய தாளையும் பார்த்தார்.

"சூடு போதுமா இருந்துச்சா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.