நீ காதில் வாங்கிய பார்ட்டிஷன்

நைனா,

இன்று புது லேப்டாப் வாங்கினேன். கடையில் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. கடைக்காரர் அதை முடுக்கிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் முச்சூடும் ஒரே சி டிரைவா கீதும்மா. பார்ட்டிஷன் போட்டுக் குட்த்துடட்டா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் பாவம், தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று விழித்தார். நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ராயபுரம் ஆபீசில் எனக்கும், எண்ணூர் கண்டெய்னர் யார்டில் தம்பிக்கும் வேலை கிடைத்து, ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து நம் வீட்டுக்கு முதல் லேப்டாப் வந்த சமயம். நம் தெருவிலேயே அதுதான் முதல் லேப்டாப். அம்மா அதற்குக் குங்குமம் வைக்கப் போய், எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் மூடியின் மேல் வைத்தாள். நானும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். நீ துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அது எங்களுக்குத் தெரியாது.

"பார்ட்டிஷன இப்பவே போட்டுடணும்க்கா," என்றான் தம்பி. "எல்லாம் உள்ள வந்த பெறவு பிரிச்சா பேஜாரு. இருக்கறதும் பூடும்."

"எனுக்குப் பெருசா வோணும்டா. உனுக்குச் சின்னது போதும்."

"அது எப்டி? பொதுவா ஒண்ணு உட்டுட்டு மீதிய ஆளுக்குப் பாதி. நாளைக்கு ஒருத்தர்து கெட்டுப் போனாலும் இன்னொருத்தர்து தப்பிக்கும்."

நீ உள்ளே வந்து எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சோறு வேண்டாம் என்றாய். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அம்மா மோர் கரைத்துக் கொடுத்தாள். அதையும் தொடவில்லை. எங்களுக்குப் புது சாமான் மயக்கம். உன்னைக் கவனிக்க யாருக்கு நேரம்?

மறுநாள் காலையில் மொட்டை மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். நீ கடன் வாங்கிக் கட்டிய அந்த ஒற்றை அறைக்கு முன்னால், கையில் அளவு டேப்போடு நின்றாய். "புடி" என்று ஒரு முனையைக் கொடுத்தாய். பிடித்தேன். சுவர் ஓரமாக, படிக்கட்டு ஓரமாக, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி. தரைக்கு டைல்ஸ் போடப் போகிறாய் என்று நினைத்து, நீல நிறம் வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். நீ காதிலேயே வாங்கவில்லை.

டேப்பைச் சுருட்டிவிட்டு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "மாடி முச்சூடும் உனுக்கு. கீழ அவனுக்கு. மோட்டரு, தொட்டி ரெண்டும் பொது. போதுமா?"

"இன்னா நைனா சொல்றே?"

"நேத்து கேட்டியே, பெருசா வோணும்னு. கேட்டது தப்பில்லமா. உங்கத்த கேட்டா. மூலக்கொத்தளம் வூட்ல தனுக்கு ஒரு பங்கு வோணும்னு கேட்டா. கட்டிக் குட்த்தாச்சு, இன்னும் இன்னா பங்குன்னு எங்கப்பாரு கதவ சாத்திட்டாரு. நா உள்ள கம்முனு நின்னுகினு இருந்தேன். எம் பொண்ணு கேட்டா நா அப்டி நிக்க மாட்டேன்."

உனக்கு மூச்சு வாங்கியது. ராத்திரி தூங்கவே இல்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது.

எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். "நைனா, அது கம்ப்யூட்டரு! அதுக்குள்ள பிரிக்கறது!" உன்னைக் கீழே இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். திரையில் மூன்று நீளக் கட்டங்கள். சி, டி, இ. குனிந்து, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாய்.

"செவுரு எங்க கீது?"

"கண்ணுக்குத் தெரியாது நைனா."

"நல்லதாப் போச்சு. செங்கல்லு மிச்சம்."

அம்மாவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லாத குறைதான். நீயும் சிரித்தாய், காது மடல் சிவந்துபோய். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுந்து போகிறபோது திரும்பி, "சரி, அளந்தது அளந்ததுதான். இன்னொரு தபா என்னால அளக்க முடியாது" என்றாய். அந்த மாசமே பத்திரம் எழுத ஆளைப் பார்க்கப் போய்விட்டாய். பொண்ணுக்கு எதுக்கு வீடு, நகை போட்டால் போதாதா என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கெல்லாம், "அவ கேட்டா, குட்த்தேன்" என்று ஒரே பதில். நான் எங்கே கேட்டேன் நைனா? கேட்கிற தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது?

நீ போன பிறகு மாடியில்தான் இருக்கிறேன். கீழே தம்பி குடும்பம். இப்போது லேப்டாப்பைப் பங்கு போட ஆள் இல்லை. இருந்தாலும் இரண்டாகப் பிரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பழக்க தோஷம்.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மாமா போன பிறகு அத்தை வள்ளூரில் தனியாக இருக்கிறாள். அனல் மின் நிலையத்துச் சாம்பலில் ஓயாத இருமல். கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்ள ஆசை. தம்பியிடம் எப்படிக் கேட்பது என்று பல நாள் மருகினேன். போன வாரம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். அவன் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "மாடி உன்னுது. என்னிய இன்னாத்துக்குக்கா கேக்குற?" என்று குழம்பு ஊற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளூர் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வர மறுத்தாள். "வோணாம்மா. எங்கப்பன் வூட்டுலயே எனுக்கு எடமில்ல. எங்கண்ணன் வூட்டுக்கு எந்த மூஞ்ச வெச்சிகினு வருவேன்?"

"நைனா வூட்டுக்கு யார் கூப்ட்டாங்க? என் வூட்டுக்கு வா அத்த" என்றேன்.

'என் வூடு' என்று நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான், நைனா. அத்தை இங்கே வரத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.