ஜெலட்டின் உருண்டைகள்

9 ஏப்ரல் 2000, ஞாயிறு

தம்பி ஸ்ரீராம் பெங்களூரிலிருந்து வந்தான். கையில் ரிப்பேரான ஒரு அமெரிக்கத் துப்பாக்கி. "துப்பாக்கின்னு சொல்லாதண்ணா, மார்க்கர்" என்றான். சின்ன கேஸ் குப்பியை மாட்டி, பெயின்ட் உருண்டையைத் துப்ப வைக்கிற சாமான். ஒவ்வொரு தடவையும் பம்ப்பைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். கம்பெனிப் பையன்கள் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாட ஒரு தோப்பை வாடகைக்கு எடுத்திருக்கிறானாம். நல்ல பிழைப்பு. இதே மாதிரி ஆறு செய்து தரச் சொன்னான். சரி என்றேன். முடியாது என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

சௌந்தரம் சாப்பாடு போட்டாள். அவனோடு இரண்டு வார்த்தை பேசினாள். என்னோடு இல்லை. பிரேம் காய்ச்சலில் போனதிலிருந்து இப்படித்தான். சண்டை ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை போன பின் புருஷனும் பெண்டாட்டியும் என்னத்தைப் பேசுவது?

14 ஏப்ரல்

வருஷப்பிறப்பு. பாயசம் இல்லை. பின்பக்க ஷெட்டில் லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

30 ஏப்ரல், ஞாயிறு

அமெரிக்காக்காரன் பம்ப்புக்கு ஒரு பக்கம்தான் கம்பி வைத்திருக்கிறான். வேகமாக இழுத்தால் கோணிக்கொண்டு இறுகுகிறது. நான் இரண்டு பக்கமும் வைத்தேன். இப்போது வெண்ணெய் மாதிரி போய் வருகிறது. கைப்பிடிக்குத் தேக்கு.

குழல்தான் உயிர். உருண்டையைப் போட்டால் தானாக உருண்டு விழக்கூடாது, வாய் வைத்து ஊதினால் போய்விட வேண்டும். ஸ்ரீராம் மாதிரிக்குக் கொடுத்த உருண்டைகளில் ஒன்று போல் இன்னொன்று இல்லை. குழலின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஊதினேன். போனது.

நல்ல வேலை. சந்தோஷம் வருமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

25 மே

ஃபேக்டரியில் பாஸ்கரன், "இன்னா துளசி, ஊட்டுக்குப் பின்னால பீரங்கி செய்றியாமே?" என்றான். சிரித்து வைத்தேன்.

21 ஜூன்

ஆறும் முடிந்தன. சுட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. பஜாரிலிருந்து ஸ்ரீராமுக்குப் போன் செய்தேன். உருண்டைப் பெட்டியை பஸ்ஸில் அனுப்புகிறானாம். அடுத்து இன்னும் பத்து வேண்டும் என்று ஆரம்பித்தான். எனக்கு அலுத்துப்போயிற்று. "ஞாயித்துக்கெழமையோட முடிச்சிடறேன்டா. அப்புறம் யாரும் என்னைத் தேட வாணாம்" என்று வைத்துவிட்டேன்.

சௌந்தரம் பூத் வாசலில் பையோடு நின்றிருந்தாள். வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன என்று நானும் கேட்கவில்லை.

24 ஜூன்

பெட்டி வந்தது. ஷெட்டில் வைத்தேன்.

25 ஜூன், ஞாயிறு

உடனே எழுதிவிடுகிறேன்.

காலையில் கறி வாங்கப் போய்விட்டு வந்தால் ஷெட் திறந்து கிடக்கிறது. பெட்டி காலி. பின்னால் தண்ணீர் டிரம்மில் முழங்கை வரை விட்டு சௌந்தரம் எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் பச்சை. உருண்டை எல்லாம் ஊறி, உப்பி, உடைந்து —

"இன்னாடி பண்ணிட்ட!"

"கிட்ட வராதீங்க! எங்கப்பா சாம்பியன் ரீப்ஸ் சொரங்கத்துல வெடி வைக்கிற பிளாஸ்டர். ஜெலட்டின் இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் பெட்டி மூடியைப் பார்த்தேன். ஜெலட்டின் என்று இங்கிலீஷில் பெரிதாகப் போட்டிருந்தது. உருண்டையின் தோல் அது, மாத்திரைக் கூடு மாதிரி. ஆனால் இந்தத் தங்கச் சுரங்க ஊரில் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான். சுரங்கத்தில் பாறையைப் பிளக்கிற வெடி.

"ஞாயித்துக்கெழமையோட முடிச்சிடறேன்னு சொன்னீங்களே. புள்ளையும் பூட்டான். நீங்களும் பூட்டா நான் இன்னாத்துக்கு?"

"வெடிச்சிருந்தா உன் கை போயிருக்குமேடி..."

"போனா போவட்டும்."

பெயின்ட்டு, வெறும் பெயின்ட்டு என்றேன். அவள் பச்சை படிந்த தன் கையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து பிரேமின் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதாள். நானும் உட்கார்ந்து அழுதேன். சாவுக்குக்கூட நான் இப்படி அழவில்லை.

நான் போய்விடுவேன் என்று இவள் பயந்திருக்கிறாள். நான் வேணும்னு நெனச்சிருக்கா. எனக்கு ஏன் தெரியாம போச்சு?

26 ஜூன்

வேறு பெட்டி அனுப்பச் சொன்னேன். ஏன் என்று குதித்தான் ஸ்ரீராம். தண்ணீர் பட்டுவிட்டது என்றேன். பொய் இல்லை.

9 ஜூலை, ஞாயிறு

மார்க்கர் ஆறும் போன வாரமே போய்விட்டன.

காலையில் தெருக்குழாயில் ஒரே சத்தம். வரிசையில் எங்கள் குடத்தை யாரோ தள்ளி வைத்துவிட்டார்களாம். சௌந்தரம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இன்னா, கேக்க ஆளில்லன்னு நெனச்சிக்கினீங்களா?" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது. பாதி முகம் சவரத்தோடு ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தவள், குடத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தாள்.