இருநூற்று அறுபத்தொரு எழுத்துகள்

டில்லன், மொன்டானா
ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாரிட்,

முதலில் உனக்குத் தேவையான செய்தி. நம் பட்டியலில் நான்காம் எண் மருத்துவக் கல்லூரிக்கான இரண்டாம் கட்ட விண்ணப்பம் நேற்றுப் பிற்பகல் 2.41-க்குப் போய்விட்டது. கெடு மூன்று மணி. கிழக்கு நேரத்தில் ஐந்து என்று போட்டிருந்தார்கள். நம் நேரத்துக்கு மாற்றி இருமுறை சரிபார்த்தேன். பெற்றுக்கொண்டோம் என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து உன் உறையில் வைத்திருக்கிறேன். ஆனால் போனது நீ எழுதிவைத்த கட்டுரை முழுவதும் அல்ல. அதில் ஒரு பகுதியை நான் எடுத்துவிட்டேன். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

உங்கள் காட்டுத்தீ முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் லாரி செவ்வாய்க்கிழமைதான் கிளம்புகிறதாம். புதன்கிழமை இரவு இது உன் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். இங்கே புகை குறைந்திருக்கிறது. மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த மலை இன்று பாதி தெரிகிறது. அதை வைத்து உங்கள் பக்கம் தீ அடங்கிவருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா, காற்று திசை மாறியதாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முப்பத்தோராண்டு வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவன் இப்படிச் சொல்வது வெட்கம்தான்.

நீ ஜூலையில் கிளம்பும்போது சொன்னதை அப்படியே தாளில் குறித்து வைத்திருந்தேன். "அப்பா, நீங்க ஒண்ணும் எழுத வேணாம். கேள்வி வரும், பதில் இந்தக் கோப்புல இருக்கு. எடுத்து ஒட்டுங்க, கல்லூரிப் பேர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, பொத்தானை அமுக்குங்க. ரெண்டு வாரத்துக்குள்ள போயிடணும், இல்லன்னா இவளுக்கு ஆர்வம் இல்லன்னு நெனச்சுப்பாங்க." வாசல் வரை போனவள் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னாய். "படிக்க மட்டும் செய்யாதீங்க. படிச்சா திருத்த ஆரம்பிச்சுடுவீங்க." காற்புள்ளிகளைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன்.

சொன்னபடியே செய்தேன். பதினெட்டுக் கல்லூரிகளுக்கும் எண் கொடுத்து அட்டவணை போட்டேன். கேள்வி வந்த நாள், போன நாள், பெயரைச் சரிபார்த்த நேரம். ஒரு கல்லூரியின் பெயரை இன்னொன்றுக்கு எழுதிய பதிலில் விட்டுவிட்டால் அத்தோடு போச்சு என்று நீ பயமுறுத்தியிருந்தாயே, அதனால் பெயர்களை மட்டும் விரல் வைத்துத் தேடிப் பார்ப்பேன். மற்ற வரிகளின்மேல் கண் ஓடாதபடி ஒரு அட்டையால் திரையை மறைத்துக்கொண்டேன். பதினொரு கல்லூரிகளுக்கு இப்படிப் போனது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நீ சந்தித்த ஒரு பெரிய துன்பம் எது, அதிலிருந்து என்ன கற்றாய்? அந்தக் கேள்விக்கான நீளமான பதிலைப் பதினொரு முறை ஒட்டினேன். ஒரு வரியும் படிக்கவில்லை.

நான்காம் எண்ணை வேண்டுமென்றே கடைசி நாளுக்கு விடவில்லை, இதை நீ நம்ப வேண்டும். அவர்களுடைய கேள்விகளே தாமதமாகத்தான் வந்தன. நீ மிகவும் விரும்புகிற கல்லூரி, நம் ஊர் போன்ற சிற்றூர்களுக்கு டாக்டர்களை உருவாக்குகிற ஒரே கல்லூரி, நம் மாநிலத்திலிருந்து சில பேரைத்தான் எடுப்பார்கள் என்பதால் மற்ற பதில்களையெல்லாம் இரண்டு நாள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை ஒன்பதரைக்குக் கடைசிக் கேள்விக்கு வந்தேன். துன்பம் பற்றிய அதே பதிலின் குறுகிய வடிவத்தை ஒட்டினேன். திரையில் பதில் ஒட்டும் பெட்டி சிவப்பானது. 261 எழுத்து அதிகம் என்றது.

கோப்பின் தலைப்பில் நீ 1500 என்று எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்தேன், உன் கணக்கு சரிதான், சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைச் சேர்க்காவிட்டால். அவர்கள் சேர்க்கிறார்கள்.

கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். கொஞ்சம் இடம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசினாள். "விண்ணப்பிக்கிறது நீங்களா சார்?" என்றாள். விண்ணப்பிக்கிற பெண்ணுடைய அப்பா என்றேன். "அப்பாங்கதான் சார் நிறைய கூப்பிடுறாங்க. அம்மாங்க கூப்பிட்டா சண்டை போடுவாங்க, அப்பாங்க மன்னிப்புக் கேப்பாங்க. பெட்டி எவ்வளவு எடுத்துக்குதோ அவ்வளவுதான் சார், எங்களால கூட்ட முடியாது." நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன்.

பிறகு உங்கள் முகாமுக்குப் பேசினேன். அங்கே ரேடியோவைக் கவனிப்பவர் நீ மேட்டில் ஒரு தீயணைப்புக் குழுவுக்கு மருத்துவ உதவியாக இருப்பதாகவும் ஞாயிறுதான் இறங்குவாய் என்றும் சொன்னார். "உயிர் போற விஷயம்னா சொல்லுங்க, இப்பவே ரேடியோல பிடிச்சுத் தர்றேன்." உயிர் போகிற விஷயம் இல்லை என்றேன். இரண்டு பக்கமும் வழி அடைபட்டது. வேறு யாரும் இல்லை, நான்தான் வெட்டவேண்டும். வெட்டுவதற்குப் படிக்கவேண்டும். திரையை மறைத்திருந்த அட்டையை எடுத்தேன்.

மாரிட், முதல் இரண்டு வரி படித்தபோது வேறு யாரோ ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, ஒரு பெண், கையிலிருந்து நழுவிய காபிக் கோப்பை. மூன்றாவது வரியில் நேரம் வந்தது. 1.10.

அன்று நான் என் கையால் நேரம் குறித்துவைத்த அட்டையை ஒரு வரி மாற்றாமல் நீ எழுதியிருந்தாய். 1.10, இடது கை கோப்பையை விட்டது. 1.45, பேச்சு சற்று இழுக்கிறது. 2.30, ஒன்றுமில்லை என்கிறாள், வம்பு பண்ணாதே என்கிறாள். 3.15, வாயின் இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. 4.05, பதில் இல்லை. 4.20, ஆம்புலன்சை அழைத்தேன்.

நான் எழுந்து நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது, விழுந்த சத்தம் நினைவில் இல்லை. பதினொரு வருடமாக அந்தச் சனிக்கிழமை எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது, அவள் ஒன்பதாம் நாள் போனபின் எனக்கு மட்டும் தெரிந்தது என்று இருந்தேன். அந்த அட்டையை வீட்டு மருத்துவப் புத்தகத்தில் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் தேடியபோது இல்லை. நானே எரித்திருப்பேன் என்று என்னை நம்பவைத்துக்கொண்டேன். அடுத்த கோடையில் ஆம்புலன்ஸ் பயிற்சிக்காக நீ அந்தப் புத்தகத்தை எடுத்துப்போனாய் என்பதை உன் கட்டுரை படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்படியானால் பத்து வருடம். பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள். நீ வந்து, உருளைக்கிழங்கு தோல் சீவிக் கொடுத்து, சீட்டாடி, என் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாய். என் எதிரே உட்கார்ந்து இதைத் தெரிந்துவைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். அதைவிட இன்னொன்று மெதுவாகத்தான் உறைத்தது. நீளமான பதிலைத் திறந்தேன், அதிலும் அதே நேரங்கள். பதினொரு கல்லூரிகளில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் இதைப் படித்துவிட்டார்கள். அவர்களுக்கு அனுப்பியவன் நான். பெயரைச் சரிபார்த்து, நேரம் குறித்து, பொத்தானை அமுக்கி.

நான் ஏன் அன்று அழைக்கவில்லை என்று நீ ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. வானிலை நிலையத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்: மணிக்கு ஒருமுறை பார், பார்த்ததை எழுது, முடிவெடுப்பது வேறொருவர் வேலை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்று அட்டையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனபின் டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும், நீ பக்கத்தில்தான் நின்றாய். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஒரு மருந்து போட்டுப் பாத்திருக்கலாம்." நீ என்னைப் பார்த்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இனி நேற்று நான் செய்த அசிங்கமான காரியத்தைச் சொல்கிறேன். பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்து 261 எழுத்தை வெட்டினேன். அட்டையிலிருந்து நீ எடுத்து எழுதிய நேரங்களை வெட்டினேன். "அம்மாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்தது, உதவி தாமதமாக வந்தது" என்று நின்றது. பெட்டி பச்சையானது. படிக்க நன்றாகவும் இருந்தது. உனக்கும் கெடுதல் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். திரையில் பொத்தான்மேல் சுட்டியின் அம்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு வெர்னா வந்தாள். வழக்கம்போலத் தட்டாமல்தான். அவள் தோட்டத்தில் சுக்கினிக்காய் இந்த வருடமும் அடங்கவில்லை; யார் கார் கண்ணாடி இறங்கியிருந்தாலும் உள்ளே ஒரு பை காயைப் போட்டுவிட்டுப் போகிறாள். "என்னப்பா ஆர்வில், கார் கண்ணாடியை ஏத்தியே வெச்சிருக்க. எனக்குப் பயந்துதானே? அதான் நேரா வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டேன்," என்றாள். நாற்காலி விழுந்துகிடப்பதைப் பார்த்தாள். "சண்டையா? யார் ஜெயிச்சது?" என்றாள். எண்பத்தொரு வயதில் அவளுக்கு எல்லாம் வேடிக்கைதான். "மாரிட்டின் விண்ணப்பம், சரியாக இருக்கிறதா பார்" என்று நான் குறைத்துவைத்ததைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்னும் புரியவில்லை. யாராவது நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டும் போலிருந்தது.

வெர்னா கண்ணாடியை மூக்கில் தள்ளிப் படித்தாள். "இது நீ எழுதினதா, அவ எழுதினதா?" என்றாள். அவள்தான் என்றேன். "பன்னிரண்டு வருஷம் அவளை என் ஸ்கூல் பஸ்ல ஏத்தி இறக்கினவ நான். அவ பேசினா வண்டி ஓட்டுற நானே திரும்பிப் பாப்பேன். இது காலை வானிலை அறிக்கை மாதிரில்ல இருக்கு. உதவி தாமதமா வந்துச்சுன்னா, யாருப்பா தாமதம் பண்ணது?"

நான் என்று சொன்னேன்.

அதை முதல்முறையாக வாயால் சொன்னேன். சின்னக் குரலில்தான் வந்தது. வெர்னா காய்களைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் உன் அம்மாவோடு முப்பது வருடம் பழகியவள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கடைசியில், "எலினோர் பிடிவாதக்காரி, வம்பு பண்ணாதேன்னு எனக்கும் சொல்லியிருப்பா. ஆனா நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றாள். பிறகு, "பொண்ணு எழுதினதை அவ எழுதின மாதிரியே அனுப்புப்பா. அவ டாக்டர் ஆகறதுக்கு அவளோட காரணம் அதுதானே? அதையே எடுத்துட்டா அவகிட்ட மிச்சம் என்ன இருக்கு?" என்றாள். போகும்போது நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

மணி இரண்டேகால். வெட்டிய எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். 261 எழுத்து மறுபடி சிவப்பாக நின்றது. முதலில் அடைமொழிகளை எடுத்துப் பார்த்தேன், கட்டுரை நொண்டியது. ஆம்புலன்சில் உன் முதல் வருடம் பற்றிய வரியைத் தொட மனம் வரவில்லை. பார்த்துக் குறிப்பது சிகிச்சை ஆகாது என்று நீ முடித்திருப்பதைத் தொடவே கூடாது. எடுத்தால் மற்ற எதுவும் சாயாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. "என் அப்பா அக்கறையற்றவர் அல்ல, பயந்தவர். பயத்தில் மனிதர் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறார்கள். அவருக்குத் தெரிந்தது எழுதிவைப்பது. நான் அவரை மன்னித்துவிட்டேன்." நீ ஆங்கிலத்தில் எழுதியிருந்தபடி அது சரியாக 264 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. நீ என்ன கற்றாய் என்றுதான் கேள்வி. நான் எப்படிப்பட்டவன் என்று அவர்கள் கேட்கவில்லை. எடுத்தேன். பொத்தானை அமுக்கினேன். ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை, அதில் கையெழுத்திட்டிருப்பது நீதான் என்பதால் இதை எழுத்தில் சொல்லிவைக்கிறேன்.

அனுப்பியபின்தான் இன்னொரு பயம் வந்தது. அந்த வரிகள் இல்லாமல் படிக்கிறவர்கள் உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட்டால்? பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுக்கிறவள் நோயாளியிடம் எப்படி இருப்பாள் என்று ஒருவர் கேட்டுவிட்டால்? நான் மறுபடியும் உன் வழியில் குறுக்கே விழுந்துவிட்டேனா என்று நேற்றிரவிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரிக்கு நீயே எழுதித் திருத்த முடியுமென்றால், மின்னஞ்சல் முகவரியை அச்செடுத்த தாளின் அடியில் குறித்திருக்கிறேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு அப்பாவைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல். என்னைக் காப்பாற்ற வேண்டாம், நான் இங்கே பத்திரமாக இருக்கிறேன். மீதி ஆறு கல்லூரிகளையும் நீ சொல்லும்வரை தொடமாட்டேன். அவற்றில் முதல் கெடு இம்மாதம் 27, அதை மட்டும் மறந்துவிடாதே.

நான் எடுத்த அந்த வரிகளின் கடைசி மூன்று சொற்களை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். அவை எனக்காக எழுதப்பட்டவையா, தேர்வுக்குழுவுக்காகவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட கட்டுரைகளில் அப்படி ஒரு வரி இருப்பது நல்லது என்று யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம். அப்படியிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. எதுவென்று நீ எழுதித் தெரிவிக்கவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மேட்டில் தூங்கும்போது ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள். உன்னால் பிழைக்கிறவர்கள் நூறு பேர் ஆகட்டும், ஆயிரம் பேர் ஆகட்டும். செப்டம்பரில் உங்களை விடுவார்கள் என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவாயா, மாரிட்? எதையும் பேசாமலே உட்கார்ந்திருந்துவிட்டுப் போகலாம். கோபமாகவும் வரலாம், இவ்வளவு வருடம் படாத கோபத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டும் வரலாம். வரமாட்டேன் என்று மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா
ஆர்வில் ஹால்வர்சன்