நடந்து போகக்கூடிய ஹோட்டல்

ஊர்காவற்றுறை,
12.01.2025, ஞாயிறு.

அன்பு மகள் ஜொய்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன்னையும் றஜீபனையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் அந்தோனியார் கைவிடக்கூடாது என்று இன்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்து, சேலை மாற்றாமலே இதைத் தொடங்குகிறேன். ஞாயிறு தோறும் தொலைபேசியில் கதைக்கிறோம், பிறகு என்ன கடிதம் என்று நினைப்பாய். நீ எடுக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். கதைக்கவும் மாட்டார், எழும்பிப் போகவும் மாட்டார். அவர் இருக்கும்போது சொல்ல முடியாத ஒன்று எனக்குச் சொல்ல இருக்கிறது. கடலுக்குப் போவதை விட்டு இரண்டு வருஷமாகியும் துறையடிக்குப் போய் மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் வருவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

வேலணைச் சிவபாதம் மாஸ்ரரின் மகள் கோபிகா விடுமுறைக்கு வந்து நிற்கிறாள். சனிக்கிழமை ரொறன்ரோ திரும்புகிறாளாம். அவள் கையில்தான் இதைக் கொடுத்து விடப் போகிறேன். கூட ஒரு காகிதச் சரை மோர்மிளகாயும் வரும்.

இங்கே மார்கழி மழை இன்னும் விட்ட பாடில்லை. எனக்குச் சளி பிடித்து இப்போதுதான் சுகம். அப்பாவின் கடவுச்சீட்டு வந்துவிட்டது. படம் எடுத்தவர் சிரிக்கக்கூடாது என்று சொன்னாராம். உன் அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. கனடா விசா இரண்டு தரம் மறுத்த பிறகு எங்களை நீ சிங்கப்பூருக்கு அழைத்து உன் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலேற்றப் போகிறாய் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் தானாகவே கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனார்.

இனி நீ கேட்ட ஹோட்டல் விஷயம். கப்பல் பின்னேரம் வெளிக்கிடுகிறதென்றால் அன்று காலையில் போய் இறங்கினால் போதாதா, முதல் நாளே போய் எதற்கு ஓர் அறை என்றுதான் அப்பா முதலில் கேட்டார். விமானம் பிந்தினால் கப்பல் நிற்காது மாமா என்று நிமலினி விளங்கப்படுத்தினாள். அப்பாவின் தங்கை மகள் நிமலினியை உனக்குச் சின்னப் பிள்ளையாகத்தான் ஞாபகம் இருக்கும். இப்போது வேலணையில் வங்கியில் வேலை. நீ அனுப்பிய மூன்று ஹோட்டல்களின் படங்களையும் அவள்தான் தன் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

எனக்குப் பிடித்தது முதலாவது. கூரையிலேயே நீச்சல்குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். உன் பிள்ளைகள் அதில் குளிக்க நான் கரையிலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். சிவபாதம் மாஸ்ரர் இரண்டாவதைச் சொன்னார். பக்கத்தில் தமிழ்க் கடைகள் இருக்கிறதாம், காலையில் இடியப்பம்கூட வாங்கலாமாம். அவர் சிங்கப்பூரைக் கண்டதில்லை, ஆனாலும் தெருக்களின் பெயர் எல்லாம் சொல்கிறார்.

“இதை அப்பாவையே தெரிவுசெய்யச் சொல்லுங்கோ” என்று நீ ஒரு வரி எழுதியிருந்தாய். அதை நிமலினி வாசித்தபோது அவர் தொலைபேசியை வாங்கி அந்த வரியைத் தானும் ஒருமுறை பார்த்தார். கண்ணாடி போடாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் பார்த்தார். நீ போன இந்த இருபத்தொரு வருஷத்தில் அவரிடம் கேட்ட முதல் விஷயம் அது.

மூன்று நாள் யோசித்தார். வேலை முடிந்து வந்த நிமலினியைப் பிடித்து வைத்து வரைபடம் காட்டச் சொன்னார். ஹோட்டல் வாசலிலிருந்து கப்பலேறும் கட்டடம் வரைக்கும் விரலால் அளந்தார். இடையில் பெரிய தெரு இருக்கிறதா, முழங்கால் வருத்தக்காரர் நடக்கலாமா என்றெல்லாம் கேட்டார். கடைசியில் மூன்றாவதைச் சொன்னார். அது பழைய கட்டடம், அறைகள் சின்னன், காலைச் சாப்பாடு அவ்வளவு நல்லதில்லை என்று தங்கினவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று நிமலினி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

“இதிலயிருந்து நடந்து போகலாம் பிள்ளை. வான்காரன் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை” என்றார்.

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அவர் எனக்குக் குத்தலாகச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்குக் குத்தலாகக் கதைக்கத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கனடாவுக்குப் போக முதல் நாள் கொழும்பில் தங்கிய கொட்டாஞ்சேனை லொட்ஜ் உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் மாடி, பச்சைப் பெயின்ற் அடித்த அறை, இரண்டு கட்டில். யன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து நாள் முழுக்க பஸ்சில் வந்து கால் வீங்கிப்போய் நான் படுத்துவிட்டேன். நீ என் காலுக்கு எண்ணெய் தேய்த்து விட்டாய். விடிந்தால் அந்நிய தேசம் போகிற பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியதை நீ எனக்குச் செய்தாய்.

பின்னேரம் அப்பா உன்னைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனார். நானும் காலை இழுத்துக்கொண்டு வந்தேன். இறால் வடை வாங்கித் தின்றோம். துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்காமல் காத்து நின்ற கப்பல்களை நீங்கள் இரண்டு பேரும் எண்ணினீர்கள். எது சுமையோடு நிற்கிறது, எது வெறுமையாக நிற்கிறது என்று தண்ணீரில் தாழ்ந்திருக்கிற அளவைப் பார்த்து அவர் சொல்லித் தந்தார். பிறகு நீ உன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினாய், அவர் சரி பிழை சொன்னார். என் பிள்ளை கிறிஸ்ரி கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்ட பிறகு வந்த அந்த மூன்று வருஷத்தில் அவர் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். இன்றைக்கும் கண்ணை மூடினால் உங்கள் இரண்டு பேரின் முதுகும் அந்த வெளிச்சமும்தான் எனக்கு வரும்.

அப்போதுதான் நீ கேட்டாய். “அப்பா, நான் போகேல்லை எண்டால் என்ன?”

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். ஆசிரியர் கலாசாலையில் உனக்கு இடம் கிடைத்திருந்தது. நீ ரீச்சராக வர ஆசைப்பட்டாய். அதைக் குழப்பி, கண்டறியாத மாப்பிள்ளைக்குப் பேசி அனுப்புகிறார்கள் என்று அவர்மேல் உனக்குக் கோபம். உண்மையில் றஜீபன் வீட்டாரோடு கதைத்தது, நாள் குறித்தது எல்லாம் நான். ஒரு பிள்ளையைக் கடல் கொண்டுபோன பிறகு, மற்றதை எப்படியாவது இந்த நாட்டுக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. அவருக்கு அது மறுவளம். இருக்கிற ஒன்றையும் ஏன் தூர விடுவான் என்று நினைத்தார்.

லொட்ஜுக்குத் திரும்பி, நீ குளிக்கப் போயிருந்த நேரம், படியடியில் வைத்து அவர் என்னிடம் சொன்னதை இன்றுவரை உனக்குச் சொல்லவில்லை.

“பிள்ளைக்கு மனமில்லை, மாக்கிறேற். காலமை பூசை கண்டிட்டு வந்து நான் அவளிட்டைக் கேக்கப்போறன். வேண்டாமெண்டால் மூண்டு பேருமாய் வீட்டை போவம்.”

நான் ஓம் என்றேன். கொஞ்ச நேரத்தில் விமான நிலையத்துக்குப் போக ஒழுங்குசெய்த வான்காரர் லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தார். இன்னொருவரையும் ஏற்ற வேண்டும், ஏழரைக்குப் பதிலாக ஆறரைக்கு வரலாமோ என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

விடிய அவர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். ஏழு மணிக்கு முதல் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வான் வந்தது. அப்பா எங்கே என்று நீ கேட்டாய். அவருக்கு மனம் சரியில்லை, வழியனுப்ப வரமாட்டாராம் என்று நான் சொன்னேன். ஜொய்சி, அது என் வாயால் வந்த பொய். அவர் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவர் நாங்கள் இரண்டு பேரும் போய்விட்ட வெறும் அறையைக் கண்டு, நின்ற நிலையிலேயே பஸ் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்திருக்கிறார். வாசலில் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். பயணத்தில் துலைந்துவிடும் என்று எல்லாருடைய அட்டையையும் என் கைப்பைக்குள் வைத்திருந்தவள் நான். அட்டை இல்லாத மனுஷனை விடுவார்களா? ஓரத்து வாங்கொன்றில் இருத்திவிட்டார்கள். உன் விமானம் எழும்பிப் போனதை அந்த வாங்கில் இருந்து பார்த்தாராம். பின்னேரம் நாலு மணிக்கு லொட்ஜுக்கு வந்தார். சேட் முழுக்க வியர்வை. ஏறிட்டாளோ என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். என் கைப்பையைத் திறந்து தன் அட்டையை எடுத்துச் சேட் பொக்கற்றில் வைத்தார். அதற்குப் பிறகு அதை ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. வான் ஏன் முந்தி வந்தது என்று இன்றுவரை என்னைக் கேட்டதுமில்லை.

நீ போய் முதல் முதல் தொலைபேசி எடுத்தபோது அப்பாவோடு கதைக்க மாட்டேன் என்றாய். நடந்ததைச் சொல்லட்டோ என்று நான் அவரைக் கேட்டேன். “இப்ப சொன்னால் அவள் அங்க இருக்கமாட்டாள். பிள்ளை பிழைக்கட்டும், விடு” என்றார். நீ என்றைக்கும் ஊருக்கு வரமாட்டேன் என்று சொன்னதையும் அவர் தன் தலையில்தான் போட்டுக்கொண்டார். பிழை என்னுடையது, உன் கோபம் அவர்மேல். அந்த மனுஷன் இருபத்தொரு வருஷம் அதைச் சுமந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இப்போது வாழ்கிற வாழ்க்கையைப் பார்க்கும்போது நான் செய்தது சரி என்று சில நாள் நினைப்பேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

இதைப் படித்த பிறகு என்னைக் காண உனக்கு மனமில்லையென்றால் ஒளிக்காமல் சொல். உடம்புக்கு ஏதாவது வருத்தம் என்று சொல்லி வராமல் நின்றுவிட எனக்குத் தெரியும். அவர் தனியே வருவார். ஆனால் மகளே, அங்கே அவரைக் கண்டதும் முதலில் நீ வாய் திறந்து அப்பா என்று கூப்பிடு. அவராகக் கதைக்கத் தொடங்க மாட்டார். அவருக்கு எழுபத்தொன்று ஆகிறது.

மாதா உங்கள் நாலு பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
மாக்கிறேற்.


ரொறன்ரோ,
02.02.2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கு என்று நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்து வடிவில்லாவிட்டால் குறை நினைக்க வேண்டாம். தமிழ் எழுதி நாளாகிறது. நிமலினியை வாசிக்கச் சொல்லாமல், கண்ணாடியைப் போட்டு நீங்களே வாசியுங்கள்.

அம்மா அந்தக் காலையைப் பற்றி எழுதியிருந்தா. வேலைக்குப் போகும் வழியில் கோபிகாவிடம் கடிதத்தை வாங்கி, வேலையிடத்து வாசலில் காருக்குள் இருந்தே வாசித்தேன். அன்று உள்ளே போகவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அம்மாவுடன் எனக்குக் கோபம். போன ஞாயிறு எடுத்தபோது பனியைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு வைத்தேன். அவவுக்கு விளங்கியிருக்கும். இந்தக் கோபம் கொஞ்ச நாள் இருக்கும் என்று அவவிடம் சொல்லுங்கள். இல்லையென்று பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இனி எங்களுக்குள் பொய் வேண்டாம்.

ஆனால் அப்பா, ஒன்றை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் அந்த வாசலைத் தாண்டி வந்து ஒரு சொல் கேட்டிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். கொஞ்சமும் யோசித்திருக்க மாட்டேன். வான் தெருமுனை திரும்பும்வரை நான் பின்பக்கம்தான் பார்த்துக்கொண்டு போனேன். அப்படி வந்திருந்தால் எனக்கு றஜீபன் இல்லை, இந்தப் பிள்ளைகள் இரண்டும் இல்லை. நீங்கள் வந்து சேர்ந்திருக்கக்கூடாதா என்று அழுகிறேன். பிறகு அடுத்த அறையில் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது, பயந்து போகிறேன். இரண்டையும் என்னால் ஒன்றாக வைத்து யோசிக்க ஏலாமல் இருக்கிறது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்பதை எழுத்தில் கேட்க மாட்டேன். நேரில் கேட்பேன்.

ஹோட்டல் நீங்கள் சொன்னதுதான். பதிவு செய்துவிட்டேன். ஓர் இரவு என்று இருந்ததை இரண்டு இரவாக மாற்றியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. நீச்சல்குளம் இல்லையே என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். தாத்தா தெரிவுசெய்த ஹோட்டல், அவரிடமே போய்க் கேளுங்கோ என்று சொல்லியிருக்கிறேன். மகன் இப்போதிருந்தே உங்களிடம் கேட்க வேண்டியவற்றைத் தமிழில் சொல்லிப் பழகுகிறான்.

பயணத்துக்கு வேண்டிய தாள்கள் எல்லாம் நிமலினிக்கு அனுப்பியிருக்கிறேன். சளிமருந்து, முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் மறக்க வேண்டாம்.

அப்பா, அம்மா ஏதாவது வருத்தம் சொல்லி நிற்கப் பார்ப்பா. விட வேண்டாம். அவவுக்கு விமானம் என்றால் பயம், உங்களிடம் சொல்ல மாட்டா. அன்றைக்கு விமான நிலையத்தில் ஒன்று எங்கள் தலைக்கு மேலால் எழும்பினபோது, என்னை வழியனுப்ப வந்த மனுஷி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்ததை நான் பார்த்தேன். நீங்கள் ஏறியதும் அவவை உள்பக்கம் இருத்துங்கள். எழும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். இறங்கும் வரைக்கும் விடாதேயுங்கோ.

உங்கள் மகள்,
ஜொய்சி.