கலர் பார்த்தது யார்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வாங்க வேண்டியது: அரிசி, துணி சோப்பு, தேய்க்கிற பேப்பர் 400 நம்பர். ஷைனி ஸ்கூல் பேக் ஜிப் போய்விட்டது.

எங்கள் பெயிண்டிங் ஷெட்டிலிருந்து முரளி சாரின் ஒயின் சிவப்பு கார் டெலிவரி. சிப்காட்டில், பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். டிரைவர் பக்கக் கதவு மட்டும் புதுசு. மற்றதெல்லாம் எட்டு வருஷம் வெயில் தின்றது. ஸ்டிக்கரில் இருக்கிற கலர் கோடு நம்பர்படி கலக்கினால் புதுக் கதவு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். மூன்று நாள், ஒன்பது அட்டையில் கலர் அடித்து, காயவிட்டு, வண்டியோடு ஒட்டி வைத்துப் பார்த்தோம்.

சார் வெயிலில் பார்த்தார். நிழலில் பார்த்தார். குனிந்து, பக்கவாட்டில்.

"எது புதுக் கதவுன்னே தெர்லயே ஜெயராஜு! எங்க கம்பெனில கலர் செக் பண்ண ஆள் தேடிக்கினு கீறோம். உன்னாட்டம் கண்ணு வேணும். வந்துடு."

ஷைனி அப்பா சும்மா சிரித்தார். நான் தரையில் கிடந்த டேப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. ஷைனி அப்பாவுக்குச் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாது. பிறவியிலிருந்தே. கல்யாணமான புதிதில் மெரூன் புடவை என்று ஆசையாக வாங்கி வந்தார், பாசிப் பச்சை. ஸ்ப்ரே கன் பிடித்தால் அவர் மாதிரி இந்த ரோட்டில் ஆள் கிடையாது. ஒரு ஒழுகல் இருக்காது. கலர் மட்டும் நான். பதினோரு வருஷமாக. ஆள் இல்லாவிட்டால் வாயால் சொல்வேன். ஆள் இருந்தால், சரியான அட்டைக்குப் பக்கத்தில் டீ டம்ளரை வைப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஷைனி அப்பா வேலைக்குப் போவதாக முடிவு. ராத்திரி முழுக்க யோசித்தாராம். பி.எஃப், இ.எஸ்.ஐ, கம்பெனி பஸ்.

"கொஞ்ச நாளாவது இந்த தின்னர் வாசன இல்லாம மூச்சு உடணும் எஸ்தரு."

இருமல் நிஜம்தான்.

"மெடிக்கல்ல கண்ணு பாப்பாங்களே?"

"புள்ளிக்குள்ள நம்பர், அவ்ளோதான? மனப்பாடம் பண்ணிக்கறேன். உள்ள போய்ட்டா வேற செக்சன் கேட்டு வாங்கிக்கலாம்."

போனில் அந்தப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றாக நான் சொல்ல, வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ஸ்கூல் பிள்ளை மாதிரி விரல் விட்டு எண்ணிக்கொண்டு. ஷைனி எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, எழுவத்தி நாலு எவ்ளோ பெருசா கீது!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். போனைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் எடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மெடிக்கல். கல்யாண வீட்டுக்குப் போகிற வெள்ளைச் சட்டை. நான்தான் இஸ்திரி போட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினார். சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பழைய கார் மட்கார்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அது யாருக்கும் தர வேண்டியதே இல்லை.

"இன்னாச்சு?"

"ஆச்சு."

சோறு பாதி அப்படியே. வெள்ளைச் சட்டை போச்சு, ஊற வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

மழை. ஷெட்டில் மூலையில் ஒழுகல், பக்கெட் வைத்தேன்.

முரளி சார் வந்தார். வண்டியை விட்டு இறங்கி, தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டர் புக்க அங்கங்க பொரட்டிக் காட்டினாராம். ஒண்ணு ரெண்டு தவிர எதுவும் சரியில்லன்னு ரிப்போர்ட் வந்துக்கீது ஜெயராஜு. அப்ப என் வண்டிக்குக் கலர் பாத்தது யாரு?"

கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பெயிண்ட் கடையில் கலந்து கொடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஷைனி அப்பா:

"எம் பொண்டாட்டி சார். எனக்குக் கலர் தெரியாது. எப்பவுமே இவதான்."

தலை குனிந்து சொல்லவில்லை. சாரைப் பார்த்துத்தான் சொன்னார். காது மட்டும் சிவந்திருந்தது.

சார் என் பக்கம் திரும்பினார். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். அப்புறம் நிற்கவே இல்லை. "கோடு நம்பர்படி போட்டா நீலம் தூக்கலா இருந்துச்சு சார். உங்க வண்டி வெயில்ல பழுப்பு ஏறிக்கீது. நேரா பாத்தா ஒத்துப்போவும், சாச்சிப் பாத்தா கருப்பா அடிக்கும். அதனால..." என்று ஒன்பது அட்டையையும் சொல்லி முடித்தேன். வாடிக்கைக்காரர் ஒருவரிடம் கலரைப் பற்றி நான் பேசியது இதுதான் முதல் தடவை.

"இன்னா படிச்சிக்கீங்க?"

"பன்னெண்டாவது சார்."

"திங்கக்கெழம டெஸ்ட்டுக்கு வாங்க. ஜெயராஜ், அனுப்பி வைப்பியா?"

அவர் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மீன் வாங்கி வந்தார், அவரே சுத்தம் செய்தார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன்.

"நான் போவல."

"போவலன்னா போவாத. எனக்காவன்னு மட்டும் சொல்லாத."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து: "நீ போய்ட்டா நான் வெள்ள வண்டி மட்டும் அடிச்சிக்கினு இருக்க வேண்டியதுதான்."

வெள்ளையிலேயே ஏழெட்டு வெள்ளை இருக்கிறது. வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

போனேன். புள்ளிப் படம் எல்லாம் நொடியில் முடிந்தது. அவர் விரல் விட்டு எண்ணியது ஞாபகம் வந்தது.

அடுத்து ஒரு பெட்டி. பொத்தான் மாதிரி சின்னச் சின்ன வில்லைகள், பச்சையிலிருந்து நீலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறவை. கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். அந்த நேரம் ஷைனி, வீடு, அவர், எதுவும் நினைவில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுகூடத் தப்பில்லையாம்.

திரும்பும்போது ஜன்னல் சீட். ரோட்டில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டே வந்து கவரைப்பேட்டை ஸ்டாப்பை விட்டுவிட்டேன். ஒரு கிலோமீட்டர் நடை.

"வியாழக்கெழமலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க" என்றேன். "டிபன் பாக்ஸ் மூடி லூசு, புதுசு வாங்கணும்" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

முதல் நாள். ஏழரைக்கு பஸ். சாம்பல் கலர் கோட்டு, என் சைஸ் இல்லை. மூன்று பம்பரைத் திருப்பி அனுப்பினேன். லைன் ஆள் முறைத்தார். மறுபடி அடித்து வந்ததும் அவரே பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்றார். கால் வலி.

ஆறு மணிக்குத் திரும்பினால் ஷெட் வாசலில் ஒரு ஆலிவ் பச்சைக் கார், பின்பக்கம் நசுங்கி. வண்டிக்காரர் என்னைக் கவனிக்கவில்லை. ஷைனி அப்பாவும்தான், குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேப்ப மரத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

"டிங்கரிங் முடிச்சி நாளிக்கே கலர் போட்டுடுவியா?"

"கலர் பாக்கணும்னா காலைல ஆறரைக்கு எடுத்துக்கினு வாங்க."

"அவ்ளோ காலைலயா? இப்பவே பாரேன். நீதான் கலர்ல கில்லாடின்னு சொன்னாங்க."

எழுந்து, கையை வேஸ்ட் துணியில் துடைத்தார்.

"நான் இல்லீங்க. எனக்குப் பச்ச, செவப்பே தெரியாது. எம் பொண்டாட்டிதான் பாக்கும். ஏழரைக்கு அதுக்கு கம்பெனி பஸ்ஸு, அதுக்குள்ள வந்துடுங்க."